பேரனை மட்டும் கேட்ட ராஜா

சாந்தன்பாறைக் குளிரில் இருக்கும் என் கண்ணுக்கு, எலப்புள்ளி வெயிலில் உட்கார்ந்து அம்மா எழுதுகிறேன். நீயும் பேச்சியும் குட்டியும் சுகமா என்று கேட்டு, இங்கே எல்லோரும் சுகம் என்று ஒரு வரி சேர்த்து, மடித்துப் போட்டுவிடுகிற கடிதம் இல்லை இது. அந்த மாதிரிக் கடிதங்கள் உனக்கு நிறையப் போட்டாயிற்று. இது நீளமாகப் போகும். ஏலக்காய் ஸ்டோரில் வேலைக்கு நடுவே பிரித்துவிடாதே. வீட்டுக்குப் போய், சாப்பிட்டுவிட்டு, பேச்சியையும் பக்கத்தில் உட்காரவைத்துப் படி. என் மருமகளுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். வருகிற தை மாதம் குட்டிக்குக் காது குத்த வேண்டும் என்று உன் அப்பா நாள் பார்த்துவிட்டார். அதைச் சொல்லத்தான் வந்தேன். ஆனால் நேரே அங்கே போனால் பாதியிலேயே நீ காகிதத்தைக் கசக்கி எறிந்துவிடுவாய். உன் கோபம் எனக்குத் தெரியாதா, அது அவரிடமிருந்து வாங்கியதுதானே. அதனால் கொரியாவிலிருந்து தொடங்குகிறேன்.

உனக்கு இரண்டு வயது இருக்கும்போது அப்பா பட்டாளத்து ஆஸ்பத்திரிக்காரர்களோடு கப்பலேறினார். கொரியா என்று ஒரு தேசம் இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அங்கே ஸ்ட்ரெச்சர் தூக்குகிற வேலை. அவர் திரும்பி வந்தபோது நீ பள்ளிக்கூடம் போகிற பையன். வாசலில் நின்ற மீசைக்காரரைப் பார்த்ததும் ஓடிப்போய் நெல் பத்தாயத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாய். மிட்டாய் காட்டினார், வரவில்லை. நான் அதட்டினேன், அப்போதும் வரவில்லை. கடைசியில் அவர் பத்தாயத்துக்கு இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்துகொண்டு, உன்னைப் பார்க்காமல், சுவருக்குச் சொல்வதுபோல ஒரு ராஜா கதையைத் தொடங்கினார். படிப்பில்லாத ஜனங்கள் தங்கள் குறையை எழுதிச் சொல்ல வழியில்லாமல் தவிக்கிறார்களே என்று மனது பொறுக்காமல், கண்பார்வை மங்கிக்கொண்டே வந்தபோதும் உட்கார்ந்து, தன் ஜனங்களுக்காக ஒரு எழுத்தையே உண்டாக்கிய ராஜா. சபையிலிருந்த பெரிய படிப்பாளிகள் வேண்டாம் என்றார்களாம். ராஜா கேட்கவில்லையாம். பத்தாயத்துக்குப் பின்னாலிருந்து உன் குரல் வந்தது: "அது எத்தன எழுத்துங்க?" அவர் சொன்னார்: "இருபத்தெட்டு." நம் எழுத்துக்களை எழுதி எழுதிக் கை வலித்துக் கிடந்த நீ, "அப்ப அந்த ஊருக்கே போயிரலாமுங்க" என்று சொல்லிக்கொண்டு வெளியே வந்தாய். அப்படித்தான் உனக்கு அப்பா கிடைத்தார். நான் அடுப்படியில் நின்று சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை.

அந்தக் கதைகள் அவருக்கு எப்படி வந்தன என்பது உனக்குத் தெரியும், பேச்சிக்குத் தெரியாது, அவளுக்காகச் சொல்கிறேன். காயம்பட்டு வருகிற ஜனங்களிடம் பேசுவதற்கு, அந்த ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரை வைத்திருந்தார்களாம். பனி கொட்டி வேலை ஓய்ந்த பொழுதுகளில் அவர் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தங்கள் ராஜாக்களைப் பற்றி அரைகுறை இங்கிலீஷில் சொல்வார், உன் அப்பா அதைவிட அரைகுறை இங்கிலீஷில் கேட்டுக்கொள்வார். ஊரெல்லாம் குண்டு விழுந்து இடிந்து கிடக்கிறது, அடுத்த வேளைச் சோறு நிச்சயமில்லை. அப்போதும் ராஜா என்று வாயெடுத்தால் அந்த வாத்தியாரின் முதுகு நிமிர்ந்துவிடுமாம். உன் அப்பாவும் அதைக் கற்றுக்கொண்டு வந்துவிட்டார். நம் வீட்டில் கொச்சி ராஜாவைப் பற்றியோ கோழிக்கோட்டுச் சாமூதிரியைப் பற்றியோ யாருக்கும் ஒன்றும் தெரியாது, கொரிய ராஜாக்கள் என்றால் மட்டும் எல்லோரும் நிமிர்ந்து உட்காருவோம். அந்தப் பெயர்கள் அவர் வாயில்தான் சரியாக வரும். நான் எழுதப்போனால் அந்த மகாராஜாக்கள் கோபித்துக்கொள்வார்கள், விட்டுவிடுகிறேன்.

எனக்குப் பிடித்தது அந்தத் தேசத்துப் பெண்கள். ஆயிரத்து முன்னூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெண் சிம்மாசனத்தில் உட்கார்ந்து நாட்டை ஆண்டிருக்கிறாள், நட்சத்திரம் பார்க்கக் கல்லால் ஒரு கோபுரம் கட்டியிருக்கிறாள். சின்னப் பெண்ணாக இருந்தபோது யாரோ விதையோடு அனுப்பிய பூப் படத்தைப் பார்த்து, இதில் ஒரு பட்டாம்பூச்சிகூட இல்லையே, இந்தப் பூவுக்கு வாசனை இருக்காது என்றாளாம். விதையைப் போட்டு வளர்த்துப் பார்த்தால் வாசனையே இல்லையாம்! இன்னொருத்தி, சின்ன வயதிலேயே பட்டம் போன ஒரு ராஜாவின் மனைவி. சித்தப்பன் சிம்மாசனத்தைப் பிடுங்கிக்கொண்டு அந்தப் பையனைத் தூரத்து மலைப் பிரதேசத்துக்கு அனுப்பிவிட்டான், அங்கேயே அவன் உயிரும் போனது. ராணியாக இருந்தவள் கோட்டைக்கு வெளியே குடிசை போட்டு, துணிக்குச் சாயம் தோய்த்துப் பிழைத்தாள். புருஷன் போன திசையைப் பார்ப்பதற்காகத் தினம் ஒரு மேட்டில் ஏறி நிற்பாளாம். எண்பது வயது தாண்டி வாழ்ந்தாளாம். உன் அப்பா வெளிநாட்டில் இருந்த வருஷங்களில் நானும் வயல் வரப்பில் நின்று கிழக்கே பார்த்திருக்கிறேன், அதனால் அவள் கதையைக் கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ராணி என்றால் நகை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவள் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

மகனையே அரிசிப் பெட்டிக்குள் அடைத்த ராஜாவின் கதையை மட்டும் அவர் உனக்குப் பத்து வயது ஆகும்வரை சொல்லவில்லை. சொன்ன மறுநாள் நீ என்ன செய்தாய் என்று ஞாபகம் இருக்கிறதா? அறுவடைக்கு முன்னால் காலியாகத் திறந்து கிடந்த பத்தாயத்துக்குள் இறங்கி, அந்த இளவரசன் எப்படி இருந்திருப்பான் என்று பார்க்கிறேன் பேர்வழி என்று உட்கார்ந்துவிட்டாய். மேல் பலகை தானாக விழுந்து மூடிக்கொண்டது. உன் கத்தலைக் கேட்டு முதலில் ஓடி வந்தவர் அவர்தான். இரண்டு ஆள் தூக்குகிற பலகையை ஒற்றை ஆளாகத் தூக்கி எறிந்தார். உன்னை வெளியே எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, "என்ர சாமி, என்ர சாமி" என்று அழுதார். பட்டாளத்தில் எத்தனையோ பிணம் தூக்கிய மனுஷன் அப்படி அழுது நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அன்றைக்கே தச்சரைக் கூப்பிட்டு அந்தப் பலகையைக் கழற்றிப்போட்டார். எலி நெல்லைத் தின்கிறது என்று நான் எவ்வளவோ சொல்லியும், இன்றுவரை நம் பத்தாயத்துக்குச் சாக்குத்தான் மூடி.

பேச்சிக்கு அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். நீ ஒருமுறை கேட்டுக்கொள், இப்போது அது வேறு மாதிரிக் கேட்கும். இருநூறு வருஷத்துக்கு முன்னால் அங்கே ஒரு ராஜா இருந்தார். ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆண்டவர். சாராயத்தைத் தடுத்தார், குடியானவர்களுக்கு வரியைக் குறைத்தார், தன் சாப்பாட்டையே குறைத்துக்கொண்டார். அவரைப் பெற்றவள் அரண்மனையில் தண்ணீர் சுமந்த வேலைக்காரி என்று சொல்வார்கள். அதை யாராவது நினைத்துவிடுவார்களோ என்ற நினைப்பிலேயே அவர் காலமெல்லாம் விறைப்பாக வாழ்ந்தார். அவருக்கு ஒரே மகன் மிஞ்சினான். அந்த மகன் எது செய்தாலும் அவருக்குக் குற்றம். நாலு பேர் முன்னால் திட்டித் திட்டி, அவனுக்குப் புத்தியே பேதலித்துப் போனது. அவனை நல்லவன் என்று நான் சொல்லமாட்டேன், அந்தப் பேதலிப்பில் வேலைக்காரர்களைக் கொன்றிருக்கிறான். கடைசியில் ராஜா ஓர் அரிசிப் பெட்டியைக் கொண்டுவரச் சொல்லி, அதற்குள் இறங்கச் சொன்னார். பத்து வயதுப் பேரன் ஓடி வந்து தாத்தாவின் முன்னால் விழுந்து, அப்பாவை விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினான். பேரனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். கோடை வெயிலில், அந்தப் பெட்டிக்குள்ளேயே மகனின் மூச்சு நின்றது.

என்னைத் திகைக்க வைப்பது அதற்கு அப்புறம் நடந்ததுதான். ராஜாவுக்குப் பேரன் மேல் உயிர். அவனுக்குத்தான் பட்டம் கட்ட வேண்டும், ஆனால் தண்டனை பெற்றவனின் மகன் என்ற பேச்சு வரக்கூடாது. அதனால் எப்போதோ செத்துப்போன தன் மூத்த மகனுக்கு இந்தப் பேரனைப் பிள்ளையாக எழுதிவைத்தார். அப்பனை எடுத்துவிட்டு இரவல் அப்பன். பிள்ளையின் அம்மா அதையும் பொறுத்துக்கொண்டு, அந்த அரண்மனையிலேயே வாயை மூடிக்கொண்டு, பிள்ளையைக் காத்தாள். பல வருஷம் கழித்துப் பேரனுக்குப் பட்டம் கட்டினார்கள். அன்றைக்கு மந்திரிகளையெல்லாம் வைத்துக்கொண்டு அவன் பேசிய முதல் பேச்சே, பெட்டியில் செத்த அந்த இளவரசனின் மகன் நான் என்பதுதான். இந்த இடம் வந்தால் உன் அப்பா எழுந்து நின்றுதான் சொல்வார், நீ பார்த்திருக்கிறாய். பிறகு அந்த மகன் அப்பாவுக்குப் பெரிய சமாதி எழுப்பினான். அப்பாவும் அம்மாவும் ஒரே வயது. அம்மாவுக்கு அறுபது ஆன வருஷம், அவளைப் பல்லக்கில் ஏற்றி, ஆயிரக்கணக்கான ஆட்கள் சூழ, அப்பாவின் சமாதிக்கு அழைத்துக்கொண்டு போனான். நம் பக்கம் அறுபதாம் கல்யாணம் செய்கிறோமே, செத்துப்போன அப்பாவுக்கும் சேர்த்து அவன் அறுபதைக் கொண்டாடினான். இப்படியும் ஒரு பிள்ளை உலகத்தில் இருந்திருக்கிறான் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கண் நிறைந்துவிடும். அந்த அம்மா அதற்கப்புறம், நடந்ததையெல்லாம் தன் கையாலேயே எழுதினாளாம், பழைய ராஜா ஜனங்களுக்காக உண்டாக்கினாரே, அந்த எழுத்தில். அவள் எழுதலாம் என்றால் நானும் எழுதலாம்.

இப்போது நம் வீட்டுக்கு வருகிறேன். நீ பேச்சியைக் கட்டிக்கொண்டு வந்து நின்றபோது, ஏலக்காட்டில் காய் பறிப்பவள் என் வீட்டுப் படி ஏறக்கூடாது, அவளோடு நீயும் ஏறாதே என்று அவர் சொன்னதை நான் இங்கே திரும்ப எழுத வேண்டியதில்லை. அதற்கப்புறம் அவர் வாயில் உன் பெயர் வரவில்லை. குட்டி பிறந்ததும் நான் பழனிக்கு வேண்டுதல் என்று பொய் சொல்லிவிட்டு உன்னிடம் வந்தேன். உன் வீட்டில் இருந்த நாட்களில் பேச்சி கேட்டது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது: "மாமா சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவாக அத்தை? நீங்கபாட்டுக்கு இங்கன வந்துட்டீகளே." படியேறவிடாதவர் பட்டினி கிடப்பாரோ என்று கவலைப்படுகிற பெண்! அவள் அண்ணன் கருப்பசாமி குட்டியைத் தூக்கிவைத்துக்கொண்டு, "காதுல போடத் தங்கத்துல வாளி இப்பவே செய்யக் குடுத்துட்டேன் அத்தை. நம்ம மடியிலதான உக்காரணும்" என்று சிரித்தானே, அந்தச் சிரிப்பும் இருக்கிறது. திரும்பும்போது பழனியில் இறங்கிப் பஞ்சாமிர்தம் வாங்கிக்கொண்டு கெட்டிக்காரத்தனமாக வந்தேன். உன் அப்பா பஞ்சாமிர்தத்தை நக்கிப் பார்த்துவிட்டு, என் சேலைப் பக்கம் மூக்கைத் திருப்பி, "பழனிமலைல இப்ப ஏலக்கா வெளையுதா?" என்றார். நான் விழித்தேன். அவர் திட்டவில்லை. வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, "பையன் யாரு சாடை?" என்று மட்டும் கேட்டார். உங்கள் சாடைதான் என்றேன். அன்றிலிருந்து அவருக்குப் பேரன் மேல் ஆசை ஊற ஆரம்பித்தது.

அந்த ஆசைதான் இப்போது காதுகுத்தில் வந்து நிற்கிறது. போன மாதம் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவர், எல்லாம் முடிவு செய்துவிட்ட குரலில் சொன்னார்: "தையில நம்ம கோயில்ல வெச்சுக் காது குத்தீரலாம். நீ போயிப் பையனை மட்டும் தூக்கிட்டு வா." பெற்றவர்கள் இல்லாமலா என்றேன். மோர் ஊற்றச் சொன்னார். அப்படியானால் யார் மடியில் உட்காரவைப்பது என்று கேட்டேன். "வேலந்தாவளத்துல என்ர அக்கா மகன் இருக்கறானல்ல, அவனும் மாமன் முறைதான? சொல்லிப்போட்டேன். அவன் மடில உக்கோந்து குத்திக்கட்டும்" என்றார். அம்மாவுக்கு உடன்பிறந்தவன் இல்லாவிட்டால் முறையுள்ள யாரையாவது உட்காரவைப்பது நம்மில் வழக்கம்தான். ஆனால் பேச்சியின் அண்ணன் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறானே! உயிரோடு இருக்கிற மாமனை இல்லாதவனாக்கிவிட்டு, இரவல் மாமன் மடியில் என் பேரனா? அப்போதுதான் எனக்குச் சட்டென்று அந்தக் கொரிய ராஜா கண் முன்னால் வந்து நின்றார்.

"ஏனுங்க, நான் ஒண்ணு கேக்கட்டுங்களா?" என்றேன். "அந்தப் பேரனுக்குப் பாட்டன் யாரை அப்பனா எழுதி வெச்சாருங்க?" அவர் என் பேச்சு போகிற போக்கைக் கவனிக்காமல், பழைய பழக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து, "செத்துப்போன மூத்த மகனை" என்றார். "அந்த ராசாவைப் பெத்தவ என்ன வேல செஞ்சாங்க?" "தண்ணி செமந்தா." சொல்லி முடிக்கும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. கை இலையிலேயே நின்றது. "பட்டத்துக்கு வந்த அன்னிக்குப் பேரன் என்ன சொன்னானுங்க? எந்திரிச்சு நின்னு சொல்லுவீங்களே, இப்பச் சொல்லுங்க" என்றேன். அவர் குனிந்து சோற்றைப் பிசைந்தார். நான்தான் எழுந்து நின்றேன். "நம்ம பேரனும் ஒருநா வளந்து நிப்பானுங்க. ஏலக்காட்டுப் பேச்சி பெத்த பையன் நானு, எனக்கு மாமன் கருப்பசாமின்னு இந்த ஊட்டு வாசல்லயே நின்னு சொல்லுவான். அன்னிக்கு நீங்க இருந்தா எங்க போயி மொகத்தை வெச்சுக்குவீங்க? அவனப் பெத்தவங்க வராம, அந்தப் பையன நான் தூக்கிட்டு வரமாட்டனுங்க. வேண்ணா எனக்கும் இந்த ஊட்டுப் படி வேண்டாம்." கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் சாப்பிடும்போது நான் எழுந்து நின்று எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் கையைக் கழுவிவிட்டு வயலுக்குப் போய்விட்டார்.

இதை எழுதுவது உன் அப்பாவை அந்த ராஜாவோடு சேர்ப்பதற்காக இல்லை. உன்னைப் பத்தாயத்திலிருந்து தூக்கி எடுத்தவர் அவர். அதே கையால் உன்னை வெளியே தள்ளவும் முடிந்தது, அதுதான் எனக்கு ஆறவில்லை. ஆனால் ராஜாவான அந்தப் பேரனிடம் நீ ஒன்றைக் கற்றுக்கொள்ள வேண்டும். அவன் அப்பாவின் பெயரை நிமிர்ந்து நின்று சொன்னான், தாத்தாவையும் தூற்றவில்லை என்று உன் அப்பா சொல்வார். இரண்டு பேருக்கும் உரிய மரியாதையைச் செய்துவிட்டுத்தான் ராஜாவாக இருந்தான். எனக்கு அதுதான் பெரிய ஆச்சரியம். எனக்குக்கூட அது வராது. உனக்கு வரும் என்று நம்புகிறேன். நீ இங்கே வருகிற அன்று அவர் உன்னிடம் பேசாமல் இருக்கலாம். பேச்சியிடம் தண்ணீர் வாங்கிக் குடிப்பாரா என்பதும் எனக்குத் தெரியாது. அதற்காக வாசலிலேயே நின்று கணக்குத் தீர்க்க ஆரம்பித்துவிடாதே. பேச்சியிடம் நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை, என்னைவிட அவளுக்குப் பொறுமை உண்டு.

அதற்கப்புறம் பல நாள் எங்களுக்குள் "தண்ணி குடு", "மாட்டைக் கட்டு" என்பதற்கு மேல் பேச்சில்லை. முந்தாநாள் காலையில் அவர் வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு பாலக்காட்டுக்குக் கிளம்பினார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "அந்தக் கருப்பசாமிக்குச் சட்டை என்ன அளவு இருக்கும்?" என்றார். காதுகுத்துக்கு மாமனுக்குத் துணி எடுத்துக் கொடுப்பது நம் வழக்கம். அப்படியானால் வேலந்தாவளத்துக்காரர் என்ன செய்வார் என்றேன். "அவன் வந்து பந்தி பாக்கட்டும்" என்றார். கருப்பசாமி உங்கள் உயரம், கொஞ்சம் பருமன் என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன். மனது கேட்காமல், "உங்க மகனுக்குங்க?" என்றும் கேட்டுவிட்டேன். ஒரு செருப்பு காலிலும் ஒரு செருப்பு தரையிலுமாக அவர் அப்படியே நின்றார். பிறகு, "அவன்ர அளவு எனக்குத் தெரியாதாக்கும்" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார்.

சாயங்காலம் துணிப் பொட்டலத்தோடு வந்தார். பேச்சிக்கு ஒரு சேலையும் இருந்தது, அதைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. உனக்கு எடுத்த சட்டையை நான் பிரித்துப் பார்த்தேன். நீ இங்கே என் கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்த காலத்து அளவு. இப்போது நீ எவ்வளவு இளைத்திருக்கிறாய் என்று எனக்குத்தான் தெரியும், அவர் பார்க்கவில்லையே. அது உனக்குத் தொளதொளவென்று தொங்கும். கருப்பசாமியையும் சேர்த்து நாலு பேருமாக வாருங்கள். வந்ததும் குளித்துவிட்டு அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு அவர் முன்னால் போய் நில். பெரிதாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிடாதே.

அம்மா